கோழிச் செல்லும் உண்ணியும்: கோழி வளர்க்கும் குடும்பத்தினர் அறிய வேண்டியவை

இரவில் படுத்தபின் கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் ஊசி குத்தியது போன்ற அரிப்பு ஏற்படுகிறது. காலையில் அவ்விடங்களில் சிறு சிவந்த தடிப்புகள் தெரிகின்றன. திண்ணையிலும் அதை ஒட்டிய அறையிலும் படுப்பவர் அனைவருக்கும் இதே தொல்லை இருக்கிறது. இத்தகைய அரிப்புடன் மருத்துவமனைக்குச் செல்லும்போது, உங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறீர்கள் என்பதையும், இரவில் அவற்றை எங்கே அடைக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். கேட்காவிட்டாலும் கூறுங்கள். காரணம் பல நேரங்களில் அங்கேதான் இருக்கும்.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் பல ஊர்கள் காட்டை ஒட்டி அமைந்துள்ளன. கீரியும் காட்டுப்பூனையும் பாம்பும் இங்கே புதியவை அல்ல. ஓர் இரவில் நான்கு கோழிகளை இழந்த குடும்பம், மறுநாள் முதல் எஞ்சிய கோழிகளை வீட்டுக்குள் கொண்டுவந்து பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது இயல்பே. அதனால் கோழிகள் தப்புகின்றன. ஆனால் அவற்றின் இறகிலும் பஞ்சாரத்தின் மூங்கில் இடுக்கிலும் இருக்கும் செல்லு, சில நாட்களில் பாயையும் தலையணையையும் வந்தடைகிறது. ஆகவே, செல்லை ஒழிப்பதும் கோழியைப் பிற விலங்குகளிடமிருந்து காப்பதும் வெவ்வேறு வேலைகள் அல்ல. வீட்டுக்கு வெளியே பாதுகாப்பான கூடு ஒன்று இருந்தால்தான் செல்லும் வீட்டுக்கு வெளியே நிற்கும்.

கடிப்பவை எவை

செல்லு, கோழிப்பேன், உண்ணி ஆகிய மூன்றையும் ஒன்றாகவே பேசுவது நம் வழக்கம். அவை தங்கும் இடம் வேறு வேறு என்பதால் ஒழிக்கும் முறையும் மாறுபடும்.

முதல் வகை, கூட்டில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் கோழியின் மேல் ஏறுவது. செம்பேன் எனப்படும் செல்லு இவ்வகையைச் சேர்ந்தது. இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. பசித்திருக்கும்போது சாம்பல் நிறமாகவும், இரத்தம் குடித்தபின் சிவப்பாகவும் தெரியும். பகலில் கோழியை எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் இது அகப்படாது. மரச்சட்டத்தின் விரிசலிலும், கோழி அமரும் கழியின் அடிப்புறத்திலும், அடை வைத்த கூடையின் வைக்கோலுக்குள்ளும் பதுங்கியிருக்கும். வெதுவெதுப்பான காலநிலையில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி வரை ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் பல மாதங்கள் உயிர்வாழும். மண்சுவரின் வெடிப்புகளில் வாழும் கோழி உண்ணியும் இதே குணம் உடையது. அதன் குஞ்சுகள் மட்டும் இறக்கையின் அடியில் கருஞ்சிவப்பு மணிகள் போல் சில நாட்கள் ஒட்டியிருக்கும். வளர்ந்த உண்ணி இரவில் இரத்தம் குடித்துவிட்டுச் சுவருக்குத் திரும்பிவிடும். அது ஓராண்டுக்கும் மேலாகப் பட்டினி கிடந்து பிழைக்க வல்லது. கோழிகளுக்குக் காய்ச்சலையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும் ஒருவகை நுண்ணுயிரை இவ்வுண்ணி பரப்புகிறது.

இரண்டாம் வகை கோழியின் உடலிலேயே தங்குவது. ஆசனவாயைச் சுற்றிய இறகுகள் அழுக்கேறிக் கறுத்திருந்தால், அங்கே ஒருவகைச் செல்லு குடியிருக்கிறது என அறியலாம். இதுவும் மனிதரைக் கடிக்கும். இறகின் அடியில் கொத்துக்கொத்தாக வெண்ணிற ஈரு ஒட்டியிருந்தால் அது கோழிப்பேன். கோழிப்பேன் மனிதரைக் கடித்து வாழ்வதில்லை. கோழியின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கரும்புள்ளிகள் போல் அசையாமல் ஒட்டியிருப்பது தெள்ளு. இது நாயையும் மனிதரையும் கடிக்கும். கால் செதில்கள் தடித்து, வெண்பொருக்கு ஏறி, கோழி நொண்டினால், அது செதிலுக்குள் துளைத்து வாழும் செல்லு. அதனால் மனிதருக்குத் தொல்லை இல்லை. காலைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வாரம் ஒருமுறை தடவிவந்தால் சில வாரங்களில் குறையும்.

எந்த வகை என்று அறிய, இருட்டியபின் இரண்டு மணி நேரம் கழித்து மின்விளக்குடன் கூட்டுக்குச் செல்லுங்கள். ஒரு வெள்ளைத் துணியால் கோழி அமரும் கழியின் அடிப்புறத்தை அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடுகள் விழுந்தால் செம்பேன் இருக்கிறது. விரிசல்களின் ஓரத்தில் உப்பும் மிளகுத்தூளும் சிந்தியது போன்ற படிவு காணப்படுவதும் அதன் அடையாளமே. கொண்டை வெளிறுதல், முட்டை குறைதல், அடைக்கோழி முட்டைகளை விட்டு எழுந்து ஓடுதல், குஞ்சுகள் சோர்ந்து இறத்தல் ஆகியவை இரத்தம் இழந்த கோழிகளிடம் காணப்படும். அடையிலிருந்து எழுந்து ஓடும் கோழியைத் திட்டுவோர் உண்டு. உண்மையில் அது கடி தாங்காமல்தான் ஓடுகிறது.

மனிதரைக் கடித்தால்

கோழிச் செல்லு மனித உடலில் குடியேறுவதில்லை, தோலுக்குள் துளைப்பதுமில்லை. கடித்துவிட்டு நீங்கிவிடும். சொறி சிரங்கு நோயை உண்டாக்கும் பூச்சி வேறு. அது தோலுக்குள் சிறு பள்ளம் பறித்து, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தங்கி, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும். இரண்டிலும் அரிப்பு இரவில் மிகும் என்பதால் குழப்பம் நேர்கிறது. சிரங்கு மருந்தை மீண்டும் மீண்டும் பூசியும் அரிப்பு நிற்கவில்லையெனில், கோழிக்கூட்டையும், கூரையிலோ சன்னலிலோ குருவியும் புறாவும் கட்டிய கூட்டையும் பாருங்கள்.

கடிபட்ட இடத்தைச் சோப்பு நீரால் கழுவுங்கள். குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றுங்கள். கலமைன் கரைசல் பூசலாம். அரிப்பைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும். போர்வை, பாய்விரிப்பு, அன்றாட உடை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்துங்கள். நீரிழிவு உள்ளோர் சொறிந்த புண்ணைச் சிறிதாக எண்ணக் கூடாது. சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும்.

படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியைப் பராமரிப்போர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளியால் கடியைத் தட்டிவிடவோ சொல்லவோ இயலாமல் போகலாம். ஆகையால் அவரது கட்டிலைக் கோழி அடையும் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். நாள்தோறும் உடல் துடைக்கும்போது முதுகையும் தோள்பட்டையையும் பாருங்கள். இளைப்பு நோய் உள்ளவர் இருக்கும் அறையில் கோழியை ஒருபோதும் அடைக்கக் கூடாது. இறகுத் தூசியும் உலர்ந்த எச்சத்தின் தூசியும் மூச்சுத்திணறலைத் தூண்டும். புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றத்திற்கோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் கூடு சுத்தம் செய்யும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். கோழி எச்சத்தின் வழியாக வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் பரவக்கூடும்.

இங்கே பலர் எதிர்பாராத ஒன்றும் உண்டு. கோழிகள் அனைத்தையும் விற்றுவிட்டாலோ, அவை கழிச்சல் நோயில் இறந்துவிட்டாலோ, வீட்டிலுள்ளோருக்குக் கடி அப்போதுதான் அதிகமாகும். இரத்தம் கிடைக்காத செல்லு கூட்டை விட்டு வெளியேறி அருகிலுள்ள வெப்பமான உடலைத் தேடும். ஆகவே கோழி இல்லாத கூட்டை அப்படியே விட்டுவைக்காதீர்கள். காலியான நாளே அதைச் சுத்தம் செய்வதற்கு மிக ஏற்ற நாள்.

கூட்டைச் சுத்தம் செய்தல்

கோழிக்கு மருந்து போட்டுவிட்டுக் கூட்டை விட்டுவிடுவதே செல்லு திரும்பத் திரும்ப வருவதற்கு முதற்காரணம். செம்பேனின் பெரும்பகுதி எப்போதும் கோழியின் மேல் இல்லை, கூட்டில்தான் இருக்கிறது.

பகலில் கோழிகளை மேயவிட்டபின், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, எச்சத்தின் மேல் சிறிது நீர் தெளித்துத் தூசி எழாமல் வாருங்கள். வைக்கோலையும் பழைய சாக்கையும் எடுத்து எரித்துவிடுங்கள். கழற்றக்கூடிய கழி, பலகை, முட்டைக்கூடை ஆகியவற்றை வெளியே எடுத்து, கொதிக்கும் நீரை விரிசல்களுக்குள் இறங்கும்படி ஊற்றுங்கள். குழந்தைகள் அப்போது அருகில் இருக்கக் கூடாது. பின்னர் அவற்றை ஒரு முழு நாள் வெயிலில் காயவையுங்கள். மண்சுவராக இருந்தால் வெடிப்புகளைச் சாணமும் களிமண்ணும் கலந்து அடைத்து, உலர்ந்தபின் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் நீண்ட நேரம் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒருமுறை செய்வது போதாது. கொதிநீருக்குத் தப்பிய முட்டைகள் சில நாட்களில் பொரிக்கும். எனவே ஏழு முதல் பத்து நாட்களுக்குள் மறுமுறையும், தேவையெனில் மூன்றாம் முறையும் செய்ய வேண்டும். இரண்டாம் முறையைத் தவறவிடுவோருக்கு முதல் முறை உழைத்த பயனும் கிடைப்பதில்லை.

அடுப்புச் சாம்பலையும் உலர்ந்த மணலையும் கலந்து, நிழலில் ஓர் அகன்ற தொட்டியில் வைத்தால் கோழிகள் தாமே புரண்டு குளிக்கும். உடலில் தங்கும் பேனும் செல்லும் இதனால் குறையும். அடை வைக்கும் கூடையில் வேப்பிலை, நொச்சியிலை இடும் வழக்கம் நல்லதே. ஆயினும் அதை மட்டும் நம்பி இருக்க இயலாது. ஒவ்வொரு அடைக்கும் புது வைக்கோல் இடுவது இலையை விட முக்கியம். குஞ்சு பொரித்த அன்றே பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள். மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் அமர்ந்த கோழியின் கீழ் செல்லு பெருகியிருக்கும். அந்துருண்டையைக் கூடையில் போடுவதைத் தவிர்க்க வேண்டும். அதை விழுங்கும் குழந்தைகளுக்கு, சிலரிடம், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து ஏற்படலாம். மண்ணெண்ணெய் தடவிய கூட்டின் அருகே விளக்கோ பீடியோ கொண்டு சென்றால் தீப்பிடிக்கும்.

வயல் மருந்தைக் கூட்டில் தெளிக்காதீர்கள்

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதனை வைத்துக்கொள்ளுங்கள். தக்காளிக்கும் நெல்லுக்கும் வாங்கிய பூச்சிக்கொல்லியில் எஞ்சியதைக் கோழிக்கூட்டில் தெளிப்பதும், கோழியை அதில் முக்கி எடுப்பதும் மிகவும் ஆபத்தானவை. செல்லு சாகலாம். ஆனால் மருந்து கோழியின் தோல் வழியாகவும் அது கொத்தும் தரை வழியாகவும் உடலுக்குள் சென்று முட்டையில் சேரும். அந்த முட்டை பெரும்பாலும் வீட்டிலுள்ள குழந்தைக்கோ, கருவுற்ற பெண்ணுக்கோ, நோயில் எழுந்தவருக்கோதான் கொடுக்கப்படுகிறது.

இது வெறும் ஊகம் அன்று. 2017-ஆம் ஆண்டு நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் கோழிப் பண்ணைகளில் இதே செம்பேனை ஒழிக்கத் தெளித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி சட்டவிரோதமாகக் கலக்கப்பட்டிருந்தது. அது முட்டைகளில் கண்டறியப்பட்டதால், இலட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பாதிப்பு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைத் தொட்டது. ஃபிப்ரோனிலை மிதமான தீங்குள்ள நஞ்சு என உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. மிகுதியாக உட்கொண்டால் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவை பாதிக்கப்படலாம். நெல்லுக்கும் மிளகாய்க்கும் நம் ஊர்க் கடைகளில் விற்கப்படும் மருந்துகளிலும், நாய் உண்ணிக்கான சொட்டு மருந்திலும் இதே வேதிப்பொருள் உண்டு. அங்கே முட்டையைச் சோதிக்க ஆய்வகங்கள் இருந்தன. நம் புறக்கடை முட்டையை எவரும் சோதிப்பதில்லை.

மருந்து தேவைப்பட்டால் கால்நடை மருந்தகத்தில் காட்டிக் கேளுங்கள். கோழிக்கென அனுமதிக்கப்பட்ட மருந்துகள் உள்ளன. எவ்வளவு நீரில் கலப்பது, கோழியின் மேலா கூட்டிலா தெளிப்பது, அதன்பின் எத்தனை நாட்கள் முட்டையையும் இறைச்சியையும் உண்ணக் கூடாது என்னும் மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பட்டுப்புழு வளர்க்கும் வீட்டினர் அதனையும் மருத்துவரிடம் கூற வேண்டும். புழு மனையின் அருகே தெளித்த மருந்தின் காற்றுப்பட்டாலும் புழுக்கள் மடிந்துவிடும்.

பூச்சிக்கொல்லி தெளித்தவருக்கு வியர்வை, வாயில் நீர் ஊறுதல், வாந்தி, கண்பாவை சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், நஞ்சு ஏறியுள்ளது எனக் கொண்டு உடையை அகற்றி, உடலைச் சோப்பு நீரால் கழுவி, 108 அவசர ஊர்தியை அழையுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். எலிக்கு வைக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலை அழிப்பது. முதல் இரண்டு நாட்கள் நலமாக இருப்பது போல் தோன்றினாலும் அதன்பின் நிலை மோசமாகலாம். தமிழ்நாட்டில் இதன் விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது. கோழித் தீவனத்தின் அருகே எந்த எலி மருந்தும் வேண்டாம்.

வீட்டுக்கு வெளியே ஒரு கூடு

கூடு வீட்டுச் சுவரை ஒட்டாமல், இயன்றால் பதினைந்து அடி தள்ளி, படுக்கையறைக்குக் காற்று வீசாத பக்கத்தில் அமையட்டும். தரையிலிருந்து இரண்டு அல்லது மூன்றடி உயரத்தில் கால்கள் மேல் நிற்கும் கூடு இம்மாவட்டத்திற்கு ஏற்றது. கால்களைச் சுற்றி வழுவழுப்பான தகரத்தைச் சுற்றினால் எலியும் பாம்பும் ஏறுவது கடினமாகும். இரவு அடைப்பதற்கு ஒரு கோழிக்கு ஒன்று முதல் இரண்டு சதுர அடி போதும். ஆகவே பத்துக் கோழிகளுக்கான கூடு பெரும் செலவு அன்று. பலகைகளை நெருக்கி அடிப்பதை விட, இடுக்குகள் குறைந்த இரும்புச் சட்டமும் வலையும் மேலானவை. செல்லுக்கு ஒளிய இடம் இராது. அமரும் கழியை ஆணி அடிக்காமல், எடுத்துக் கழுவும்படி பள்ளத்தில் பொருத்துங்கள்.

வலையைத் தேர்வதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். கோழி வலை என்று விற்கப்படும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும். நாயையும் காட்டுப்பூனையையும் வெளியே நிறுத்தாது. பற்றவைத்த கம்பி வலை, அரை அங்குலக் கண் உடையதாக இருந்தால் எலியும் பெரும்பாலான பாம்புகளும் நுழைய இயலாது. தரையில் அமைந்த கூடானால் வலையை ஓரடி ஆழம் மண்ணில் புதைக்க வேண்டும், அல்லது வெளிப்புறமாக ஓரடி மடித்துக் கற்களை அடுக்க வேண்டும். கதவுக்குக் கயிறு போதாது. கொக்கியும் அதற்கு மேல் ஒரு பூட்டூசியும் இருக்கட்டும்.

எது வந்தது என்பதை எஞ்சியவற்றைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். முட்டைகள் ஓடுகூட இல்லாமல் மறைந்திருந்தால் பாம்பாக இருக்கலாம். பல கோழிகள் கிழிக்கப்பட்டுக் கிடந்தால் நாய். தலையிலும் கழுத்திலும் கடியிருந்தால் கீரி அல்லது பூனை இனம். பகலில் குஞ்சு மட்டும் குறைந்தால் பருந்து, வல்லூறு அல்லது காகம். குஞ்சுகளை முதல் ஐந்தாறு வாரங்கள் பஞ்சாரத்திலோ, மேலே வலை கட்டிய அடைப்பிலோ வைத்து, மேயும் இடத்தில் அவரைப் பந்தல் போன்ற தாழ்ந்த நிழல் இருக்கச் செய்தால் இழப்பு குறையும்.

இரவில் சிந்திய தீவனம் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். மாலையில் தீவனத்தை அகற்றி, முட்டைகளை அன்றன்றே எடுங்கள். முட்டை எடுக்கக் கூட்டுக்குள் கையை விடுமுன் விளக்கடித்துப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நச்சு முறிவு மருந்து அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டு அறிவித்துள்ளது. நாய், கீரி, நரி, பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். கோழியைக் காப்பாற்றக் கீரியைக் கையால் பிடிக்க முயல வேண்டாம்.

கூட்டைச் சுற்றி மின்கம்பி இழுக்கும் எண்ணத்தை அறவே விடுங்கள். 2023 மார்ச் மாதம் பாலக்கோட்டை அடுத்த மாரண்டஅள்ளிப் பகுதியில் பன்றிக்கு வைத்த சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கோழிக்கூடு வீட்டு முற்றத்தில் இருக்கிறது, அங்கே முதலில் கம்பியைத் தொடுவது குழந்தையின் கையாக இருக்கலாம். கீரி, காட்டுப்பூனை, மரநாய், பாம்பு ஆகியவற்றைக் கொல்வதும் நஞ்சு வைப்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றமாகும்.

எங்கே கேட்பது

கோழிகள் பல ஒரே நாளில் திடீரென இறந்தால் செல்லு என எண்ணிவிடாமல், இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமல், சமைக்காமல், கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவியுங்கள். வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசி முகாம் கால்நடை பராமரிப்புத் துறையால் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் நடத்தப்படுகிறது. அங்கே கோழியைக் கொண்டு செல்லும்போது செல்லையும் காட்டிக் கேட்கலாம். கூடு அமைப்பு, வளர்ப்புப் பயிற்சி ஆகியவற்றுக்குத் தருமபுரியை அடுத்த குண்டலப்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தையும், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962, மனிதருக்கான மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108.